முன்னூற்று எண்பது வாட்

1

மெல்பர்னில் கரண்ட் போனால் முதலில் வருவது மன்னிப்பு. மின் விநியோகக் கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வரும்: சிரமத்துக்கு வருந்துகிறோம், கம்பி மேல் மரம் விழுந்திருக்கிறது, மாலைக்குள் சரிசெய்துவிடுவோம். எங்கள் ஊரில் கரண்ட் போனால் பக்கத்து வீட்டிலும் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்போம். அங்கேயும் இல்லையென்றால் மனசு சமாதானமாகிவிடும். இங்கே வந்து பதினேழு வருடம் ஆகியும் எனக்கு முதலில் எட்டிப் பார்க்கத்தான் தோன்றுகிறது.

இந்தப் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அடித்த காற்றில் எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. எனக்குக் கவலையும் இல்லை. சூட்கேஸ் அளவில் ஒரு பேட்டரிப் பெட்டி வைத்திருக்கிறேன். மடக்குச் சூரியத் தகடுகளைக் கொல்லைப்புறத்தில் விரித்துப் பெட்டியில் சொருகிவிட்டால் ஃப்ரிட்ஜ், விளக்கு, இன்டர்நெட் எல்லாம் ஓடும். எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்பதை வாட் கணக்கில் என் ஃபோனில் பார்க்கலாம். பார்ப்பது என்ன, அதிலேயேதான் உட்கார்ந்திருப்பேன். இங்கே பலர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார்கள், நான் வாட் பார்ப்பேன்.

மதியம் இரண்டு மணிவாக்கில் நூற்று நாற்பது வாட் கூடுதலாகப் போனது. எழுந்து போய்ப் பார்த்தால் மகள் வேலிக்கு மேலே ஒயரைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் தனியாக இருக்கும் இத்தாலியக் கிழவர், வருடத்துக்கே காய்ச்சி வைத்த தக்காளிச் சாறு கெட்டுவிடக் கூடாதே என்று ஃப்ரீசரோடு ஒயரை இணைத்துக்கொண்டிருக்கிறார்.

"யாரக் கேட்டு ஒயர இழுத்த?" என்று கத்தினேன்.

பதினைந்து வயது. வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறாள்; கோபம் வந்தால் மட்டும் தமிழ் வருகிறது. அன்றைக்கு வந்தது. "கேக்கணுமாப்பா? பிளக் சும்மாதானே இருந்துச்சு."

உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். நான் ஏன் அப்படிப் போனேன் என்பது அவளுக்குத் தெரியாது. யாரிடமும் நான் சொன்னதில்லை. ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு வெளிநாட்டு வாழ்க்கையின் சிறப்பைச் சொல்வதுதான் இந்த மாதிரிக் குறிப்புகளின் வழக்கம். நான் வெட்கப்படுகிற ஒன்றைச் சொல்லப்போகிறேன்.

2

எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்திலிருந்து உடையார்பாளையம் போகிற வழியில், முந்திரிக்கொல்லைகளுக்கு நடுவே இருக்கிறது. வீட்டில் அம்மா, அண்ணன், செல்வி அண்ணி. அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். பராமரிப்பு வேலைக்கென்று அவ்வப்போது காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட்டை நிறுத்துவார்கள். காற்றுக்கும் மழைக்கும் நிற்பது தனி. அதனால் இரண்டு வருடத்துக்கு முன் லீவில் போனபோது அம்மாவுக்கும் ஒரு பேட்டரிப் பெட்டி வாங்கினேன். பேட்டரியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்பதால் இந்தியாவிலேயே ஆர்டர் போட்டு, கூடவே இருந்து பொருத்தினேன்.

அப்போது என்னோடு மொட்டை மாடியில் நின்றவர் பக்கத்து வீட்டுக் கலியபெருமாள் சித்தப்பா. சொந்தச் சித்தப்பா இல்லை, முறைக்குத்தான். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி ஓய்ந்தவர். நான் வாங்கி வைத்திருந்த கிளிப்புகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சைப் போட்டுத் தகடுகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டினார். ஆடிக்காற்றுக்குக்கூட அசையவில்லை என்று பிறகு அண்ணன் சொன்னான்.

"ஏம்ப்பா, வெயிலு வேணாம் வேணாம்னு நாங்க நெழலுக்கு ஓடுறோம். நீ அதப் புடிச்சுப் பொட்டியில அடைக்கிற. ஒனக்கு ஆஸ்திரேலியாவுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார்.

பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டினேன். 'பட்டன்களை யாரும் தொட வேண்டாம். ஏதாவது பிரச்சினை என்றால் எனக்கு ஃபோன் செய்யவும்.' இன்ஜினியர் என்கிற திமிர். அண்ணியிடம் வாயாலும் சொன்னேன். "கண்டதையும் அமுக்கிக் கெடுத்துராதீங்க அண்ணி. எதுன்னாலும் நான் அங்கேர்ந்தே பாத்துக்கறேன்."

சொன்னபடி அங்கிருந்தே பார்த்துக்கொண்டேன். வீட்டு இன்டர்நெட் வழியாக அந்தப் பெட்டியும் என் ஃபோனுக்கு வந்துவிடும். முதல் சில மாதங்கள் அது பாசமாகத்தான் இருந்தது. கரண்ட் இல்லாத மத்தியானத்தில் அறுபது வாட் கூடினால், அம்மா ஃபேனைப் போட்டுப் படுக்கப்போகிறாள் என்று தெரியும். வேலை முடிந்து ரயிலில் திரும்புகிறவன் அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொள்வேன். பிறகு எப்போது அது கண்காணிப்பாக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் கணக்கில் வராத சின்னச் சின்ன ஏற்றங்கள் தெரிந்தன. விசாரித்தால், தெருக்காரர்கள் வந்து ஃபோனுக்குச் சார்ஜ் போட்டுப் போகிறார்களாம்.

"அண்ணி, அது அம்மா மருந்துக்கு வாங்கினது. ஊருக்குப் பொதுவுல வாங்கி வெக்கல."

"சரிங்க தம்பி" என்றார் அண்ணி. அண்ணி எதற்கும் அதைத்தான் சொல்வார்.

அடுத்த முறை கரண்ட் போனபோது கலியபெருமாள் சித்தப்பா ஃபோனை எடுத்துக்கொண்டு சார்ஜ் போட ரோட்டுக் கடைக்குப் போனாராம். தகட்டைக் கட்டிக் கொடுத்தவர். அண்ணி இதை ஒரு சேதியாகத்தான் சொன்னார், குறையாக இல்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆமாம், திருப்தியாகத்தான் இருந்தது.

3

போன வருடம் மார்ச்சில், ஒரு திங்கட்கிழமை, சித்தப்பா நெஞ்சுவலியில் இறந்துபோனார். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் சேதி வந்தது. எனக்கு முன்னால் பதினோரு பேர் 'ஆழ்ந்த இரங்கல்' போட்டிருந்தார்கள். பன்னிரண்டாவதாக நானும் போட்டேன். அண்ணியைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. மறுநாளே எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன் என்று சொல்வதுகூட மிகை. அதற்கப்புறம் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

அதே வாரம் வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருக்கிறேன். இங்கே மாலை ஐந்தேகால் என்றால் ஊரில் பதினொன்றே முக்கால். வழக்கம்போல் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். ஊரில் பராமரிப்பு மின்தடை, பேட்டரியில் ஓடுகிறது. சார்ஜ் அறுபத்திரண்டு சதவீதம். வெளியே போவது முன்னூற்று எண்பது வாட்.

அந்த வீட்டின் கணக்கு எனக்கு மனப்பாடம். ஃப்ரிட்ஜ், ஃபேன், இன்டர்நெட் பெட்டி எல்லாம் சேர்த்து ஓடினாலும் இருநூறைத் தாண்டாது. மிக்ஸி என்றால் சடக்கென்று ஏறி இறங்கும். இது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து அதே உயரத்தில் நிற்கிறது. யார் வீட்டிலோ விசேஷம், மைக் செட்டுக்கு ஒயர் போயிருக்கிறது என்று முடிவுகட்டினேன். சொல்லியும் கேட்கவில்லையே என்று கோபம் தலைக்கு ஏறியது. கொஞ்சம் உறைக்கட்டும் என்று, வெளியே போகிற மின்சாரத்தை ஃபோனிலிருந்தே நிறுத்தினேன். விரலால் ஒரு தொடுதல்.

அம்மாவின் ஃப்ரிட்ஜும் கூடவே நிற்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பத்து நிமிடத்தில் இன்சுலினுக்கு ஒன்றும் ஆகிவிடாது, அதற்குள் அண்ணிக்குப் புரிந்துவிடும், திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். நான் யோசிக்காதது ஒன்று. இன்டர்நெட் பெட்டியும் அதே பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திய நொடியே ஃபோனில் 'தொடர்பு இல்லை' என்று வந்துவிட்டது. இங்கிருந்து நிறுத்த முடிந்ததை இங்கிருந்து போட முடியவில்லை. யாராவது வீட்டில் பட்டனை அமுக்கினால்தான் உண்டு.

கூப்பிட்டு அமுக்கச் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம் கழித்து அண்ணியே கூப்பிட்டார். எடுக்கவில்லை. எடுத்தால் கெஞ்சுவார், நான் இறங்கிப் போக வேண்டியிருக்கும் என்று எடுக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டார். ரயிலில் ஒரே சத்தம், கேட்கவில்லை என்று பிறகு சொன்னேன். என்னோடு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது நாலு பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

4

சாப்பிட்டுவிட்டு எட்டரை மணிக்கு நானே கூப்பிட்டேன். ஊரில் மணி மூன்று. கண்டிக்கிற குரலைத் தயாராக வைத்திருந்தேன்.

"சித்தப்பாவ எடுத்தாச்சு தம்பி" என்றார் அண்ணி, எடுத்ததுமே.

"எந்தச் சித்தப்பா?" என்று கேட்டேன்.

அண்ணி மெதுவாகச் சொன்னார்.

சித்தப்பாவின் ஒரே மகன் கொளஞ்சி குவைத்தில் டிரைவர். அவனுடைய பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில். முதலாளி ஊரில் இல்லை. அவர் வந்து, அலமாரி திறந்து, டிக்கெட் கிடைத்துக் கிளம்ப வியாழக்கிழமை ஆகிவிட்டது. அதுவரை சித்தப்பாவை வாடகை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கரண்ட் இருக்காது என்பது தெரிந்து ஜெனரேட்டருக்கு ஜெயங்கொண்டத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு முகூர்த்த நாள். எல்லா ஜெனரேட்டரும் கல்யாண மண்டபங்களில். அப்போதுதான் அண்ணி எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக ஒயரை நீட்டியிருக்கிறார். என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன் என்று பயந்து கேட்காமலேயே.

"ஒம்பது மணிலேர்ந்து நல்லாத்தான் ஓடுச்சு தம்பி. திடீர்னு நின்னுபோச்சு. கொஞ்ச நேரத்துல கண்ணாடி பூரா தண்ணி கோத்துக்கிச்சு. தொடச்சித் தொடச்சிப் பாத்தோம். நாலு நாளாச்சா, வெயிலு வேற. மொகம் மாற ஆரம்பிச்சிருச்சு. கொளஞ்சி வர எப்புடியும் நாலு மணி ஆவும்னு சொல்லியிருந்தான். அவன் இந்த மொகத்தப் பாக்க வேணாம்னு பெரியவங்க ஒன்றரைக்குத் தூக்கச் சொல்லிட்டாங்க."

"கொளஞ்சி?"

"முன்னாடியே வந்துட்டான். ரெண்டே முக்காலுக்கு. வண்டிய வுட்டு எறங்கி நேரா சுடுகாட்டுக்கு ஓடுனான். நெருப்பு வெச்சாச்சு தம்பி."

அண்ணி குரலை இன்னும் தாழ்த்தினார். "பொட்டியில அறுவத்தி ரெண்டுன்னு நின்னுச்சு. எல்லாரும் என்னையத்தான் கேட்டாங்க. சார்ஜ் எறங்கிப் போச்சுன்னு சொல்லிட்டேன்."

"பட்டன ஒருதடவ அமுக்கிப் பாத்திருக்கலாம்ல அண்ணி?"

"நீங்கதானே தொடக் கூடாதுன்னு சொன்னீங்க."

உண்மையைச் சொல்லிவிட வேண்டிய இடம் அது. "கம்பெனி சர்வர்ல ஏதோ கோளாறு அண்ணி" என்றேன்.

"சரிங்க தம்பி."

அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். கொளஞ்சிக்கு வாட்ஸப்பில் எழுதினேன்: 'மெஷின் கைவிட்டுவிட்டது தம்பி, மன்னித்துக்கொள்.' அவன் உடனே பதில் போட்டான்: 'நீங்க என்னண்ணே பண்ணுவீங்க.' அந்த வரியை எத்தனையோ முறை படித்துவிட்டேன். அதற்கப்புறம் ஆபீஸ் நண்பர்களிடம் இதையே ஒரு கதையாகச் சொல்லியிருக்கிறேன், நம்பக் கூடாத இயந்திரங்கள் என்கிற தலைப்பில். தலையாட்டி உச்சுக்கொட்டினார்கள். அந்த உச்சுக்கொட்டலையும் வாங்கிக்கொண்டேன். என் முகத்தை நானே கண்ணாடியில் பார்க்கக் கூசியது அதற்குப் பிறகுதான்.

5

வேலிக்கு மேலே மகள் ஒயர் போட்ட அன்று மாலையே டிக்கெட் தேடினேன். மார்ச்சில் சித்தப்பாவுக்குத் தலைத்திவசம். ஆபீஸில் லீவு விண்ணப்பத்தில், இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். அப்பா, அம்மா, கணவன், மனைவி என்று தேர்ந்தெடுக்கச் சொன்னது. பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுக்கு அதில் இடமில்லை. சொந்த வேலை என்று போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

திவசத்தன்று காலையில் வேட்டி கட்டிக்கொண்டு நின்றபோது அண்ணி வாசலில் மறித்தார்.

"சொல்லப் போறீங்களா?"

ஒரு வருடத்தில் முதல்முறையாக அந்தப் பேச்சு. "ஆமா அண்ணி."

"வேணாம் தம்பி. ஆறிப்போனத எதுக்குக் கெளறணும்? சொல்லிட்டா ஒங்க பாரம் எறங்கும். நீங்க ப்ளைட் ஏறிப் போயிருவீங்க. அவன்ல கெடந்து வேவணும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைச் சாக்காக வைத்துத் திரும்பிவிடலாம் என்றும் தோன்றியது. அந்த ஆசை வந்ததாலேயே நடந்தேன்.

படையல் முடிந்து, சாப்பாடு முடிந்து, உறவுக்காரர்கள் கலைந்திருந்தார்கள். கொளஞ்சி பந்தலில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் குவைத்துக்குத் திரும்பவில்லை. இப்போது சிமென்ட் லாரி ஓட்டுகிறான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை எடுத்து, துண்டால் துடைத்துப் போட்டான்.

"இதுக்காவவாண்ணே அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தீங்க? அந்தப் பொட்டி நின்னுபோனத நீங்க மனசுலயே வெச்சிருக்கீங்கன்னு அண்ணி சொன்னாங்க. வுடுங்கண்ணே. மெஷின் என்ன பண்ணும்?"

"கொளஞ்சி, அன்னைக்குச் சார்ஜ் எறங்கல. நான்தான் நிறுத்தினேன்."

அவனுக்குப் புரியவில்லை. "நீங்க ஆஸ்திரேலியாவுலதானே இருந்தீங்க?"

"அங்கேர்ந்தே நிறுத்தலாம். ஃபோன்லயே." எல்லாவற்றையும் சொன்னேன். முன்னூற்று எண்பது வாட், மைக் செட் என்று நினைத்தது, அண்ணி கூப்பிட்டும் எடுக்காதது, அப்புறம் சொன்ன பொய். சொல்லும்போது என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் நாற்காலியைப் பிடித்தபடியே நின்றான். "எத்தினி மணி இருக்கும்ண்ணே, நிறுத்துனப்ப?"

"பதினொன்னே முக்கால்."

உதடு அசைய எதையோ கூட்டிப் பார்த்தான். "அப்ப நான் எறங்கிட்டேன். திருச்சி ஏர்போர்ட்டுல லக்கேஜுக்காவ நின்னுட்டு இருந்தேன். ஒன்னேகால் மணி நேரம் நின்னேன். அப்பாவுக்குப் போத்தறதுக்குப் பட்டு வேட்டி அதுலதாண்ணே இருந்துச்சு. அத வுட்டுட்டு வர மனசு வரல. என் சிம்மு செத்துப்போயிருந்துச்சு. டிரைவர் போனுல கூப்புட்டேன், மேளச் சத்தத்துல ஒருத்தரும் எடுக்கல."

"உன்மேல என்னடா தப்பு" என்றேன்.

"வேட்டியாவது மயிராவதுன்னு அப்புடியே ஓடியாந்திருந்தா ஒன்றரைக்கு வந்திருப்பேன். தூக்குறதுக்குள்ள வந்திருப்பேன். ஒரு வருசமா அம்மா எங்கிட்ட சரியாப் பேசல. லக்கேஜுக்காவ நின்னியேடா, லக்கேஜுக்காவ நின்னியேடான்னு அது ஒன்னுதான் கேக்குது. நானும் அதத்தாண்ணே நெனச்சுக்கிட்டுக் கெடக்குறேன்."

ஒரு வருடமாக நான் சுமந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். சுமந்தது அவன். நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே இறங்கியிருக்க வேண்டிய பாரம், அந்தச் சின்ன வீட்டுக்குள் தாய்க்கும் மகனுக்கும் நடுவில் பன்னிரண்டு மாதம் கிடந்திருக்கிறது.

கொளஞ்சி என்னைத் திட்டவில்லை. நாற்காலியை விட்டுவிட்டு உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான். "எம்மா, இங்க வா. அண்ணே ஒங்கிட்ட ஒன்னு சொல்லணுமாம்."

பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கிட்ட சொன்னத அப்புடியே அதுகிட்டயும் சொல்லுங்கண்ணே" என்றான்.

சித்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாப்பா, எப்ப வந்த? சாப்ட்டியா?" என்றாள். மகன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"சித்தி," என்றேன், "கொளஞ்சி மேல தப்பே இல்ல."